இங்கிலீஷ் போர்த்திய சுடிதார்

துறைத் தலைவர் அறையில் மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் உள்ளங்கை வேர்த்து, நான் பிடித்திருந்த கைக்குட்டை நனைந்துபோனது.

கண்ணாடி போட்ட மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். அவருக்கு வலது கைப் பக்கம், தாடியை ஒட்டக் கத்தரித்த ஒரு இளம் சார். இடது கைப் பக்கம், கஞ்சி மொடமொடக்கும் காட்டன் சேலையில் ஒரு மேடம். இந்தப் பக்கம் நான் ஒருத்தி. காலடியில் நான் வியாபாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற பெரிய பை. என் மகள் பெனிட்டாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"உங்க டாட்டரோட அவுட்ஃபிட் டீசன்ட்டா இல்லம்மா" என்றார் துறைத் தலைவர். "வெரி பாடி ஹக்கிங். ரிவீலிங் வேற. பாய்ஸ் படிக்கிற கேம்பஸ். அது ஒரு டிஸ்ட்ராக்‌ஷன்."

நான் தலையாட்டினேன். ஒரு எழவும் விளங்கவில்லை. விளங்காததால் பயம் கூடியது. டாக்டர் இப்படி இங்கிலீஷில் பேசினால் வியாதி பெரிசு என்று அர்த்தம். வாத்தியார் பேசினால்?

அடுத்த திங்கட்கிழமை பெனிட்டாவுக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். கடைசி வருஷம். இந்த மூன்று பேரும் சரி என்று சொன்னால்தான் அவள் லேபுக்குள் கால் வைக்க முடியும். இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. அவள் பிராக்டிகல் எழுதாமல் வீட்டில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். என் கொழுந்தனார் கையில் ஒரு மாப்பிள்ளை போட்டோ தயாராக இருக்கிறது. "படிச்சது போதும் மதினி" என்று சொல்ல ஒரு நல்ல காரணத்துக்காக அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

இது நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வெயில் காலம், அது நிச்சயம். மேசைமேல் அந்த மேடம் வைத்திருந்த மோர் டம்ளர் வேர்த்து, கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

துண்டுக்குள்ளே ஒரு பாஷை

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாகல் நகர் பக்கம் வீடு வீடாகப் போய் நைட்டி, இன்ஸ்கர்ட், உள்ளாடை விற்கிறேன். "நைட்டியக்கா" என்றால் பால்காரர் கூட வீட்டைக் காட்டுவார். புஷ்பம் என்ற பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

இந்தத் தொழிலில் முதல் பாடம், சரக்கின் பெயரைத் தமிழில் சொல்லக்கூடாது. அதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஆரம்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "உள்பாவாடை வந்துருக்கு, எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தாத குறை.

"மெதுவாம்மா. உள்ள அவரு இருக்காரு."

அவர் இருந்தால் என்ன? கொடியில் காய்வதைத் தினமும் கையால் விலக்கிவிட்டுத்தானே குளிக்கப் போகிறார்? அவருக்குத் தெரியாத உள்பாவாடையா? அடுத்த தடவை அதே வாசலில் நின்று "இன்ஸ்கர்ட்" என்றேன். அவரே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ஏய், இன்ஸ்கர்ட் வந்துருக்காம், போய்ப் பாரு." அவ்வளவுதான் விஷயம்.

என் வீட்டுக்காரர் செபஸ்தியான், அய்யலூர் சந்தையில் ஆட்டுத் தரகர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து, மடக்கி, நீட்டிப் பேரம் நடக்கும். சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். தெரியாத மாதிரி வெற்றிலை மென்றுகொண்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த இங்கிலீஷும் அந்தத் துண்டுதான். பொம்பளை உடுப்பு விஷயமெல்லாம் அதற்குள் நடக்கும்.

ஆனால் துண்டு என்றால் நையும். என் அம்மா காலத்தில் "பாடி" என்று சொன்னால் நாகரிகம். கீரை விற்கிற அக்காவும் பாடி கேட்க ஆரம்பித்ததும், வாத்தியார் வீட்டம்மாவுக்கு அந்த வார்த்தை நாறிப்போனது. அவர் "பிரா"வுக்கு மாறினார். கீரைக்காரக்கா பிராவுக்கு வந்து சேர்ந்தபோது, வாத்தியார் வீட்டம்மா "இன்னர்" என்று ஒரு தெரு தள்ளிக் குடிபோய்விட்டார். இப்போது காலனியில் ஒரு மருமகள் "லான்ஜரி இருக்காக்கா?" என்கிறாள். நான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அவள் போனில் காட்டிய படத்தைப் பார்த்தால், என் பையில் அடியில் கிடக்கிற அதே சரக்கு. அதே கொக்கி, அதே எலாஸ்டிக்.

ரவிக்கை ஜாக்கெட்டாச்சு, ஜாக்கெட் பிளவுஸாச்சு. ஏழை வாயில் விழுந்த இங்கிலீஷ் தமிழாகிவிடுகிறது. அப்புறம் அதைச் சொல்ல பணக்காரருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. இதுதான் நான் இத்தனை வருஷத்தில் கண்டது.

பகல் முழுக்க நைட்டி

நைட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் சோறு போடுகிற தொழிலுக்குத் துரோகம்.

ராத்திரி உடுப்பு என்று பெயர். எங்கள் தெருவில் அது விடிகாலையில் பால் பாக்கெட்டோடு எழுந்திருக்கும். கடைக்குப் போகும், குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றும், குழாயடியில் சண்டை போடும், துக்க வீட்டுக்குக்கூட எட்டிப் பார்த்துவிட்டு வரும். மேலே ஒரு துண்டு மட்டும் போட வேண்டும். தலை துவட்டிய துண்டாக இருக்கலாம். ஈரமாக இருக்கலாம். ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தெரியலாம். துண்டு இருந்தால் மானம் இருக்கிறது. துண்டு இல்லாவிட்டால், கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடின அந்தக் கூடாரத்துக்குள் நீங்கள் ஒன்றுமே போடாத மாதிரி.

ஒரு தடவை ஒரு வீட்டில் சரக்கை விரித்துக்கொண்டிருந்தேன். கேஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். அந்த அக்கா, "இரு, துண்டக் காணோம்" என்று வீடெல்லாம் தேடினார். அலமாரிக்கு அடியில், துணிக்கூடையில், கட்டில் மேலே. கடைசியில் என் பையிலிருந்து ஒரு புது நைட்டியை உருவித் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு போய் சிலிண்டர் வாங்கினார். நைட்டிக்கு நைட்டியே துண்டு! கேஸ்காரர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் துணி உடம்பை மூடினால் போதாது. மூடியிருக்கிறது என்று சொல்லவும் மேலே ஒரு துணி வேண்டும்.

தாவணி வந்த வருஷம்

நான் எட்டாவதோடு நின்றேன் என்று பல தடவை எழுதியிருக்கிறேன். ஏன் நின்றேன் என்று ஒரு வாசகி போன் போட்டுக் கேட்டார். படிப்பு ஏறவில்லை என்று நினைத்துவிட்டார் போல.

படிப்பு ஏறியது. தாவணியும் ஏறியது, அதுதான் வினை.

நான் பெரியவளான வருஷம் மாமா ஒரு மெரூன் கலர் தாவணி வாங்கி வந்தார். எனக்கு அதன்மேல் அத்தனை ஆசை. கண்ணாடி முன்னால் நின்று சொருகிச் சொருகிப் பார்த்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"தாவணி போட்ட புள்ளைய எப்படி மாப்ள பஸ்ல அனுப்ப? பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுப் பயலுகளும் நிக்கிறானுக."

"அதுவும் சரிதான்" என்றார் மாமா.

அம்புட்டுப் பயல்களையும் நிறுத்த முடியாது. என்னை ஒருத்தியை நிறுத்திவிடலாம். நிறுத்தினார்கள். பயல்கள் பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் முடித்தார்கள். அதில் ஒருத்தன் இப்போது ரிஜிஸ்டர் ஆபீஸில் இருக்கிறான்.

அதனால்தான் எனக்குப் பொம்பளைப் பிள்ளையின் உடுப்பைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தாலே பயம். அது துணியோடு நிற்காது.

அடைத்துத் தைத்த சுடிதார்

கல்லூரியிலிருந்து முதலில் வந்தது ஒரு போன்தான். இளம் சார் பேசினார்.

"பெனிட்டா மதருங்களா? அவங்க டாப்ஸ்ல சைடு ஸ்லிட் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் பாத்துக்கங்க."

எல்லாச் சுடிதாருக்கும் பக்கவாட்டில் வெட்டு இருக்கும். நடக்கத்தான் அது. ஆனால் வாத்தியார் சொல்லிவிட்டாரே! அன்றைக்கு மத்தியானமே தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பெனிட்டா கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் இருந்த எல்லா டாப்ஸையும் இரண்டு பக்கமும் முட்டி வரை அடைத்துத் தைத்துவிட்டேன். டபுள் தையல். பிரியவே கூடாது என்று.

அவள் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"யம்மா, என்ன இது? சுடிதாரத் தலகாணி உறையாக்கி வச்சிருக்க!"

"வாத்தியார் போன் போட்டாருடி."

"நடக்குறது எப்படி?"

"மெதுவா நட. ஓடித்தான் காலேசுக்குப் போகணுமா?"

மறுநாள் ஓடித்தான் போக வேண்டியிருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. அவள் ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தாள். துணி வரவில்லை. பஸ் நகர்ந்தது. துணி வந்துவிட்டது, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை. என் டபுள் தையல் அப்படியே கெட்டியாக இருந்தது. பக்கத்துத் துணிதான் டர்ரென்று போனது. பஸ்ஸில் ஒரு பூக்காரம்மா கொடுத்த ஊக்கை வைத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளை வகுப்புக்குப் போனாள். கீழே முழு நீளத்துக்கு பேன்ட் இருக்கிறது, கவனியுங்கள். தெரிந்தது பேன்ட்தான். ஆனாலும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். அம்மாவோ அப்பாவோ வந்து விளக்கம் சொல்லாமல் பிராக்டிகல் கிடையாது என்றார்கள்.

வீட்டுக்காரரிடம் அழுதேன்.

"ஏங்க, நீங்க வாங்க. எனக்குப் படபடன்னு வருது."

"நான் வந்து என்னத்தப் பேச? பொம்பளப் புள்ள துணி விசயம். அசிங்கமா இருக்கும் புள்ள."

"அங்க உக்காந்து அதப் பேசப் போறதே ஆம்பளைகதான்."

"அவுக படிச்சவுக. பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை கட்டப் போய்விட்டார்.

படிக்காதவன் பேசினால் அசிங்கம், படித்தவன் பேசினால் டிசிப்ளின் கமிட்டி. இதைத்தான் அவர் மூணு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் விவரமானவர்தான்.

போகிறதுக்கு முன்னால் நன்றாக யோசித்தேன். நான் யோசிப்பது என்றால் பயப்படுவது. எந்தச் சுடிதாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் போனால்? ஒன்றைக் காட்டி, அது இல்லை, வேறொன்று என்று திருப்பி அனுப்பினால்? எதற்கும் இருக்கட்டும் என்று அவளுடைய மொத்தச் சுடிதாரையும் மடித்து என் வியாபாரப் பையில் திணித்தேன். ஏற்கெனவே உள்ளே சரக்கு கிடந்தது. அதை எடுத்து வைக்க நேரமில்லை.

எந்த எடம் சார்?

இனி அந்த அறைக்குத் திரும்பலாம். துறைத் தலைவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"கர்வ்ஸ் எல்லாம் அவுட்லைன் ஆகுதும்மா. ஸ்டாஃப்ஸே கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க."

இளம் சார் "யெஸ் சார்" என்றார். "நெக்லைன்கூட, சார்."

"ஆமா. நெக்லைன்."

இரண்டு பேரும் இந்த வார்த்தைகளைச் சொன்ன விதத்தைக் கவனித்தேன். முகத்தில் கூச்சமே இல்லை. மார்க் ஷீட் வாசிக்கிற மாதிரி வாசித்தார்கள். எனக்கோ வேறு கவலை. இன்னும் செத்த நேரம் போனால் "சரிம்மா, போகலாம்" என்று சொல்லிவிடுவார்கள், என்ன செய்யணும் என்று தெரியாமலே வெளியே வந்து நிற்பேன், திங்கட்கிழமை கதவைச் சாத்திவிடுவார்கள். அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், நான் எட்டாவது. நீங்க சொல்றது எனக்கு வெளங்கல. ஆனா எதுனாலும் சரி பண்ணிருவேன். எல்லாத்தையும் கொண்டாந்துருக்கேன்."

பையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து விரித்தேன். மஞ்சள், கரும்பச்சை, வெள்ளைப் புள்ளி போட்ட நீலம், கிறிஸ்துமசுக்கு எடுத்த மாந்துளிர் கலர். ஃபைல்கள் மறைந்தன. கண்ணாடி மறைந்தது. பழக்கதோஷம், விரிக்கிறபோதே உள்ளங்கையால் நீவிவிட்டேன்.

"இது ரேயான் சார், கையப் போட்டுப் பாருங்க, வழுக்கிட்டுப் போகும்" என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

இளம் சாரின் நாற்காலி கிரீச்சென்று ஒரு அடி பின்னால் போனது.

"சொல்லுங்க சார். எந்த எடம்? கழுத்தா? கையா? இடுப்பா? எந்த எடத்துல சரியில்லன்னு தொட்டுக் காட்டுங்க. பிரிச்சுத் தச்சுக்கிறேன்."



அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பை ஓரத்திலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து துறைத் தலைவரிடம் நீட்டினேன். "வாயால சொல்லக் கஷ்டமா இருந்தா கோடு போட்டுக் குடுத்துருங்க சார்." எத்தனை வருஷமாக சாக்பீஸ் பிடித்த கை! அன்றைக்கு அது மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது.

"அது... நீங்களே பார்த்து, ஜெனரலா..." என்றார்.

"நாங்க தெனமும் பாக்குறோம் சார். எங்க கண்ணுக்கு ஒண்ணும் படல. பார்த்தவுகதான சொல்லணும்? கம்ப்ளெய்ன்ட் பண்ணுன சார்மாருக்கு நல்லாத் தெரியும்ல எந்த எடம்னு? அவுகளக் கூப்புடுங்க, கேட்டுக்கிறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் குத்திப் பேசவில்லை. தெரிந்துகொண்டு தைக்கணும் என்று மட்டும்தான் என் கவலை. ஆனால் இளம் சார் சட்டென்று போனை எடுத்து, வராத மெசேஜை வாசிக்கத் தொடங்கினார். மேடம் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

நான் கடைசி சுடிதாரை இழுத்தேன். அது அடியில் கிடந்த சரக்கோடு சிக்கியிருந்தது போல. ஒரு இழு இழுத்தேன். சுடிதாரோடு சேர்ந்து ரோஸ் கலரில் ஒன்று பாய்ந்து வந்தது. கண்ணாடி கொஞ்சம் தெரிந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போய், துறைத் தலைவரின் டீ கிளாசில் முட்டி நின்றது. வாத்தியார் வீட்டம்மா சொல்லுகிற "இன்னர்"தான்.

துறைத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் தொப்பம்பட்டிப் பக்கம் என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். அதுவரை அவர் பேச்சில் அந்த ஊரின் வாடையே அடிக்கவில்லை. இப்போது இங்கிலீஷ் மொத்தமும் கழன்று விழுந்து, அடியிலிருந்து ஊர் வந்துவிட்டது.

"அட என்னங்கம்மிணி இது! எடுத்து உள்ள போடுங்க! ஏனுங்க, சொல்றனில்லீங்க, எடுத்து உள்ள போடுங்க மொதல்ல!"

கர்வ்ஸ், அவுட்லைன், நெக்லைன் என்று சளைக்காமல் பேசினவருக்கு, உள்ளே உடம்பே இல்லாத ஒரு சாண் துணியைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மின்விசிறியில் வைத்துக்கொண்டார். நான் அள்ளிப் பையில் போட்டு முடிக்கிற வரை இறக்கவில்லை.

மேடம்தான் தொண்டையைச் செருமி வழி காட்டினார். "சார், ஷால் ரூல் போட்டுரலாம்."

அவர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். இங்கிலீஷும் மெல்லத் திரும்பி வந்தது. "எக்ஸாக்ட்லி. ஷால் கம்பல்சரி. ரெண்டு ஷோல்டர்லயும் பின் குத்தி இருக்கணும். உங்க டாட்டருக்கு மட்டும் இல்ல, கேர்ள்ஸ் எல்லாருக்கும். மண்டே பிராக்டிகலுக்கு நானே டோர்ல நின்னு செக் பண்ணுவேன். ஷால் இல்லாம வந்தா நோ எக்ஸாம்."

வராண்டாவில் பத்தடி நடந்திருப்பேன். பின்னால் மோர் டம்ளர் மேடம் வேகமாக வந்தார். இன்னும் என்னவோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

"உங்க பையில தெரிஞ்சுதே, அந்த நீலப்பூ நைட்டி... ஜிப் வச்சதா?"

"ஆமா மேடம். சைஸ் என்ன?"

மேடம் உதட்டை மட்டும் அசைத்தார். சத்தமே வரவில்லை. இந்தத் தொழிலில் உதட்டைப் படிக்கிற வித்தை தானாக வந்துவிடும். டபுள் எக்ஸெல்.

திங்கட்கிழமை வாசல்

திங்கட்கிழமை நானும் கூடவே போனேன். "நீ எதுக்கும்மா? எக்ஸாம் நீயா எழுதப் போற?" என்று பெனிட்டா திட்டினாள். பஸ்ஸில் அவள் ஷாலில் குத்தியிருந்த பின்னை வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். கழன்று விழுந்துவிட்டால்? என் ஜாக்கெட்டில் ஒரு வரிசை ஊக்கு தயாராகக் குத்தி வைத்திருந்தேன்.

லேப் வாசலில் பொம்பளைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், பையன்களுக்கு மத்தியானம்தான். எல்லார் தோளிலும் ஷால், இரண்டு பக்கமும் பின். எல்லார் கையிலும் மடித்த வெள்ளைக் கோட்டு. துறைத் தலைவர் சொன்னபடி வாசலில் நின்றார். பெயர் வரிசைப்படி என்பதால் பெனிட்டா முன்னால் நின்றாள். அவர் ஷாலைப் பார்த்தார், பின்னைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். என் பையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓகே. உள்ள போ."

அவள் உள்ளே ஒரு காலை வைத்தாள். அங்கேயிருந்து லேப் அசிஸ்டென்ட் அம்மா ஒரு சத்தம் போட்டார்.

"ஏய், நில்லு! ஷாலோட எங்க வாரே? பர்னர் எரியப் போகுது. கழட்டி வெளிய வச்சுட்டுக் கோட்டு மாட்டிட்டு வா."

"மேடம், ஷால் கம்பல்சரி. சர்க்குலர் போட்டிருக்கு" என்றார் துறைத் தலைவர்.

"சார், போன வருஷம் ஒரு புள்ள ஷால்ல தீப்பிடிச்சு நான்தான் ஓடிப்போயி அணைச்சேன். தீ சர்க்குலர் படிக்காது. ஷாலோட ஒருத்தியும் உள்ள வரக்கூடாது."

"அப்ப ஷாலுக்கு மேல கோட்டப் போடச் சொல்லுங்க."

"கழுத்து வழியா ரெண்டு முனையும் வெளிய தொங்கும் சார். அதுலதான் பத்தும்."

ஷால் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஷாலோடு மேசைக்குப் போக முடியாது. பெனிட்டா நிலைப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். உள்ளே வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டைமாச்சே. வராதவங்களுக்கு ஆப்சென்ட் போட்டுக் கதவச் சாத்திரலாமா?"

சேசுவே!  கொழுந்தனாரின் போட்டோ கண் முன்னால் வந்து சிரித்தது.

பெனிட்டா துறைத் தலைவரைப் பார்த்தாள். அவர் இளம் சாரைத் தேடினார். ஆளைக் காணவில்லை. வராண்டாவை அப்போதுதான் ஃபினாயில் ஊற்றிக் கழுவி விட்டிருந்தார்கள். கீழே எதையும் வைக்க முடியாத ஈரம். அவள் வலது தோள் பின்னைக் கழற்றினாள். இடது தோள் பின்னைக் கழற்றினாள். ஷாலை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"வச்சுக்கிருங்க சார். முடிச்சுட்டு வந்து வாங்கிக்கிறேன்."

அவர் வாங்கிக்கொண்டார். யோசித்து வாங்கவில்லை. நீட்டினால் கை தானாக வாங்குமே, அப்படி. அவள் கோட்டை மாட்டி, கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பிள்ளை அவளைப் பார்த்தது. பின்னைக் கழற்றியது. "சார், இந்தாங்க." அதற்கடுத்த பிள்ளையும். "சார், இது பட்டு, கசங்கிராமப் பாத்துக்கங்க." சிவப்பு, பச்சை, சரிகை வைத்தது, கண்ணாடி வைத்தது. கை நிறைந்ததும் ஒருத்தி தோளில் போட்டாள். தோளும் நிறைந்ததும் கடைசிப் பிள்ளை ரொம்ப யோசித்துக் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. உள்ளே போன பிறகு ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை அசிஸ்டென்ட் அம்மா அதட்டி அடக்கினார்.

லேப் கதவைச் சாத்தினார்கள்.

வராண்டாவில் அவரும் நானும்தான். அவருக்குத் தாடை வரை ஷால். பக்கத்து வகுப்பிலிருந்து பையன்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் கீழே பார்த்தார், ஈரம். சுவரைப் பார்த்தார், ஆணி இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, கொஞ்சம் இதையப் புடிங்களேன்."

"ஐயய்யோ, வேண்டாம் சார்" என்றேன். "ஒண்ணு மாறிப் போச்சுன்னா புள்ளைக என்னையச் சும்மா விடுமா? உங்க கைலதான குடுத்துட்டுப் போயிருக்குக."

உள்ளே ஒவ்வொரு பர்னராகப் புஸ்ஸென்று பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.